வலப்புறம் ஏழு டிகிரி

“அப்ப அந்தாளு வர்ற வரைக்கும் அண்ணன இப்படியே போட்டு வெச்சிருக்கச் சொல்றீங்களா, அண்ணி?”

மாரிசாமி டவுனுக்குப் போய் வாங்கி வந்த மாலையைக்கூட இறக்கி வைக்காமல்தான் கேட்டார். சேதி கேட்டதும் சேலத்திலிருந்து கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்த மனிதர். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

“ஆமாங்க தம்பி,” என்றாள் வேலம்மாள். “வந்துருவாரு. வெயிட்டுன்னு சொல்லீருக்காரு.”

“எத்தன மணி வரைக்கும் வெயிட்டு? மணி ரெண்டாச்சுங்க. வெளிய பாத்தீங்களா, காப்பிச் செடியே தெரியல, அம்புட்டு பனி. வெறகெல்லாம் ஈரமாகுதுன்னு சின்னன் மூணு வாட்டி வந்து சொல்லீட்டான். யாருங்க அந்தாளு? ஒறம்பரையா, பங்காளியா?”

“ஒங்கண்ணங்கூட பிளேன்ல போனவரு.”

“பிளேன்ல நூறு பேரு போவாங்க. எல்லாரும் வந்து வாய்க்கரிசி போடறாங்களா?”

“அந்தப் பிளேன்ல ரெண்டே பேருதானுங்க தம்பி,” என்றாள் வேலம்மாள்.

மாரிசாமி மாலையை அண்ணன் மார்பின்மேல் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஞானசுந்தரம் விடிகாலை ஐந்தரை மணிக்குப் போனார். படுக்கையில் கிடந்து இழுத்துக்கொண்டு போன சாவு இல்லை. எழுந்து பூட்ஸ் போட்டார், கொல்லையில் மழைமானியைப் பார்க்கப் போனார், வாசற்படியில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். தலைச்சோலைக்குப் போகிற பாதையோரத்தில் ஆறு ஏக்கர் காப்பியும் ஓட்டு வீடுமாகப் பதினாலு வருஷம் இருந்த மனிதருக்கு ஐம்பத்தொன்பது வயது சாகிற வயதே இல்லை. ஆனால் அவர் எதற்கும் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு கிளம்புகிற பழக்கம் உள்ளவரும் இல்லை.

வேலம்மாள் அழுதாள்தான். அதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். வந்திருந்த பெண்கள் இதைத்தான் இப்போது சமையற்கட்டுப் பக்கம் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். புருசனைக் கிடத்தின கையோடு அலமாரியைத் திறந்து, அடித்தட்டில் கிடந்த புதுவருஷ வாழ்த்து அட்டைகளை எடுத்து, ஒன்றை உருவிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு டவுனை நோக்கி நடந்துவிட்டாள். பாதி வழியில் லூர்துசெல்வி எதிரே வந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரவு டூட்டி முடித்துவிட்டு வருகிற பெண். விஷயத்தைக் கேட்டதும் அட்டையை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடினாள். அட்டையின் மூலையில் பெங்களூர் நம்பர் அச்சடித்திருந்தது. ஏழரைக்கு லைட்னிங் கால் என்கிற அவசர டிரங்க் கால் போட்டுப் பிடித்துவிட்டாள்.

“விசயத்தச் சொன்னேங்க்கா. அந்தப் பக்கம் மூச்சே இல்ல. லைன் கட்டாயிருச்சோன்னு ஹலோ ஹலோன்னேன். அப்பறம், ‘பாபிய வெயிட் பண்ணச் சொல்லு’ன்னாரு. அம்புட்டுதான், வெச்சுட்டாரு.”

பாபி. இந்தியில் அண்ணி. அந்த வார்த்தையைக் கேட்டுப் பதினெட்டு வருஷம் ஆயிற்று.

வடக்கே ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் பொன்னப்பா வாரத்துக்கு நாலு நாள் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். குடகுக்காரர், கல்யாணம் ஆகாதவர். “பாபி, கொள்ளு ரசம்” என்று கேட்டைத் திறக்கும்போதே கத்துவார். பொன்னப்பா பைலட், ஞானசுந்தரம் நேவிகேட்டர். கான்பெரா என்கிற குண்டுவீச்சு விமானம். ஒருவர் ஓட்ட வேண்டும். இன்னொருவர் முன்மூக்குக்குள் படுத்துக்கொண்டு, படமும் கடிகாரமும் பென்சிலுமாகக் கணக்குப் போட்டு, எந்தத் திசையில் எத்தனை நிமிஷம் போக வேண்டும், எந்த நொடியில் குண்டை விட வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஊரில் இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. “பிளேன் ஓட்டறதில்லையா? அப்ப பஸ்ஸுக்குக் கண்டக்டராட்டவா?” என்று மாரிசாமியின் மாமனார் கல்யாணப் பந்தியில் கேட்டார். ஞானசுந்தரம் சிரித்துக்கொண்டே, “ஆமாங்க, டிக்கெட் மட்டும் கிழிக்கறதில்ல” என்றார். அதெல்லாம் அவர் சிரித்துக்கொண்டிருந்த காலம்.

எழுபத்தொன்றாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டையில் பதினாலு நாளும் ஜன்னல் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டி, விளக்கில்லாமல் இருந்தார்கள். சாயங்காலம் ஆனால் வேலம்மாள் எட்டுப் பென்சிலை இருபக்கமும் சீவி வைப்பாள். பறக்கும்போது கீழே விழுந்தால் இருட்டில் தேட முடியாது என்று ஒவ்வொன்றையும் நூலில் கட்டிக் கால்சட்டையில் தொங்கவிட்டுக்கொள்வார். ஒருநாள் கட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார். விமானம் தீப்பிடித்தால் பொன்னப்பா ஒரு பிடியை இழுத்தால் போதும், இருக்கையோடு வெளியே தூக்கி எறிந்துவிடும்.

“ஒங்களுக்குங்க?”

“நம்ம ரகத்துல நேவிகேட்டருக்கு அந்த சீட்டு இல்ல வேலா. பாராசூட்டக் கட்டிக்கிட்டு, பக்கவாட்டுக் கதவத் தள்ளிட்டு குதிக்கோணும்.”

“என்ன கூத்துங்க இது? ஒரே பிளேன்ல அவருக்கொரு நாயம், ஒங்களுக்கொரு நாயமா?”

“எனக்குத்தான் கதவு இருக்குதுல்ல,” என்று அவள் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார்.

சண்டையின் ஒன்பதாம் நாள் இரவு போய் மறுநாள் காலையில் திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். விமானம் அடிபட்டும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்களாம். பொன்னப்பாவுக்கு மெடல் கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸே கொண்டாடியது. ஆனால் அன்றோடு பொன்னப்பா அவள் வீட்டுக் கேட்டைத் திறக்கவில்லை. ஞானசுந்தரம் அவர் பெயரை எடுக்கவில்லை. கேட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டுச் சண்டை போட்டுப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல வேலா” என்பதுதான் பதில். நாலு வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்தார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் பொன்னப்பாவின் அட்டை வரும். கையெழுத்து மட்டும்தான் இருக்கும். ஞானசுந்தரம் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பார். பதில் எழுத மாட்டார். கிழிக்கவும் மாட்டார்.

அவர் பேச்சையே குறைத்துக்கொண்டதுகூடப் பழகிவிட்டது. பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. சுவரோடும் அடுப்போடும் பேசி ஓட்டினாள். அவளை அரித்தது ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்த வேறொன்று.

தங்கை மகள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்ட நாள். வாசலில் அவருடைய பூட்ஸ் இல்லை. எஸ்டேட் பக்கம் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு, பால் பொங்கி வழிந்த அடுப்பைத் துடைத்தபடி வேலம்மாள் வாய்விட்டுச் சொன்னாள்: “அன்னிக்கு ராத்திரியே அந்தப் பிளேனோட போய்த் தொலஞ்சிருந்தா, இந்த ஊமையூட்டுல கெடந்து சாகற தலையெழுத்து எனக்கு வந்திருக்காது.” சொல்லிவிட்டு முன்கட்டுக்கு வந்தால், பிரம்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். தரை சில்லென்று இருந்ததால் வீட்டுக்குள்ளேயும் பூட்ஸைக் காலில் போட்டிருந்தார். மடியில் மழைக்கணக்கு நோட்டு. தலை நிமிரவில்லை.

கேட்டாரா, கேட்கவில்லையா? மறுநாள் காலையில் வழக்கம்போலக் காப்பி கேட்டார். அதற்கப்புறம் ஆறு வருஷம், தினமும் காலையில் அந்த டம்ளரை நீட்டும்போதெல்லாம் அவர் கண்ணைப் பார்ப்பாள். கோபமா, மன்னிப்பா, ஒன்றுமே இல்லையா? அந்த முகத்தில் எதையும் படிக்க முடிந்ததில்லை. இன்றைக்கு அந்த முகமும் மூடிக்கொண்டது. இனி இந்த மனிதர் எப்பேர்ப்பட்டவர் என்று அவளுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் மலைக்குக் கீழே எங்கேயோ வந்துகொண்டிருந்தார். அதனால்தான் வெயிட்டு.

மூன்று மணிக்குச் சின்னன் வந்து நின்றான். காப்பி பறிக்கவும் கவாத்துக்கும் பத்து வருஷமாக வருகிற மலைக்காரன்.

“அம்மோவ், சாக்கு போட்டு மூடி வெச்சிருக்கறனுங்க. அப்பிடியும் வெறகு நமத்துப் போச்சு. இன்னும் செத்த நேரம் போச்சுன்னா சாமிய முழுசா அனுப்ப முடியாதுங்க. பாதில நின்னா நொம்பப் பாவமுங்க.”

“இன்னும் ஒரு மணி நேரம், சின்னா.”

“நாலு மணிக்கு எடுத்துருவோம் அண்ணி,” என்றார் மாரிசாமி வாசலில் இருந்தே. இப்போது குரலில் கோபம் இல்லை. “பாத வழுக்குது. இருட்டுல பாடையத் தூக்கீட்டு எறங்கினா நாலு பேரு கால ஒடிச்சுக்குவாங்க. பைலட்டு வந்தா மயானத்துக்கே கூட்டீட்டு வந்தர்றேன். போதுங்களா?” பிறகு கொஞ்சம் தயங்கி, “போஸ்டர்ல அண்ணனையும் பைலட்டுன்னுதான் போடச் சொல்லீருக்கறேன். நேவிகேட்டருன்னா எவனுக்குத் தெரியுது?” என்றார்.

நாலாகி, நாலேகால் ஆயிற்று. பனிக்குள் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். தலைச்சோலைக்குத் திரும்புகிற எஸ்டேட் லாரி.

“எடுங்க,” என்றாள் வேலம்மாள்.

சங்கு ஊதினார்கள். கொட்டு அடித்தார்கள். வாசல்வரை போனாள், அதற்குமேல் பெண்கள் போகக் கூடாது. நாலு பேர் தோளில் ஏறிப் பத்தடி போனதும் பனி அவரை மூடிக்கொண்டது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் வளைவில் திரும்பிவிட்டது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அடுப்பு மூட்டக் கூடாத வீடு. லூர்துசெல்வி தன் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கடுங்காப்பி கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் நிழல் விழுந்தது.

உயரமான, கூன்போட ஆரம்பித்திருந்த ஒரு மனிதர். தலை முழுக்க நரை. கோட்டு நனைந்து, முழங்கால்வரை சேறு. கையில் டார்ச்சு, அணைக்காமல் அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

“பாபி,” என்றார். “நான் லேட்.”

வேலம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“பத்தாவது வளைவுக்கு மேல ரோடே தெரியல. டிரைவர் மாட்டேன்னான். நான் இறங்கி டார்ச்சு அடிச்சுட்டு முன்னால நடந்தேன், அவன் பின்னாலயே வந்தான்.” மூச்சு வாங்கியது. அப்போதுதான் கூடத்து நடுவில் விளக்கு மட்டும் இருப்பதைப் பார்த்தார்.

“ஒரு மணி நேரமாச்சுங்க,” என்றாள். “இந்நேரம் தீ வெச்சிருப்பாங்க.”

பொன்னப்பா டார்ச்சை அணைத்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்தார். காலையில் ஞானசுந்தரம் சாய்ந்த அதே படி. அவரிடம் யார் அதைச் சொல்வது? லூர்துசெல்வி ஒரு டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, “கீழ தோட்டத்து மேட்டுல நின்னு, ஆளுங்க திரும்பறாங்களான்னு பாக்கறேங்க்கா” என்று நகர்ந்துகொண்டாள்.

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு என்னங்க நடந்துச்சு?” என்றாள் வேலம்மாள்.

“அவன் சொல்லலியா?”

“ஒரு சொல்லு சொல்லலைங்க.”

பொன்னப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குடிக்கவில்லை.

“குண்டு போட்டாச்சு பாபி. கரெக்டா போட்டான். திரும்பறப்போ கீழேருந்து அடிச்சாங்க. ஒரு எஞ்சின்ல தீ. நான் மைக்ல சொன்னேன், ஞானா, குதி, நீ போனதும் நான் போறேன்னு. சரின்னான். கதவு பிச்சுக்கிட்டுப் போற சத்தம் கேட்டுது. காத்து உள்ள வந்தது, அவன் பேப்பர் எல்லாம் பறந்தது. ரெண்டு தடவை கூப்பிட்டேன். பதில் இல்ல. போயிட்டான்னு நினைச்சேன்.”

“போகலைங்களா?”

“கதவத் தள்ளிட்டு, திரும்ப மூக்குக்குள்ள போய்ப் படுத்துட்டான். என் சீட்லேருந்து அந்த இடம் தெரியாது. அவன் பாராசூட் கிழிஞ்சு போச்சு பாபி. குண்டுச் சிதறல் பட்டு நாரா கிடந்தது. கீழ இறங்கினப்புறம்தான் நான் பார்த்தேன். அதச் சொன்னா நான் அவன விட்டுட்டுக் குதிக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியும். அதனால போயிட்ட மாதிரி நடிச்சான். நானாவது பொழைக்கட்டும்னு.”

விளக்குத் திரி படபடத்தது. வேலம்மாள் அதைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆனா நீங்களும் குதிக்கலையேங்க.”

“தீ தானா அணைஞ்சிருச்சு. பார்டர் தாண்டிக் குதிக்கலாம்னு ஓட்டினேன். அரை மணி நேரம். கீழ ஒரு லைட் கிடையாது. ரேடியோ இல்ல, வழி சொல்ல ஆள் இல்ல. அந்த மாதிரி தனியா நான் என்னிக்கும் இருந்ததில்ல பாபி. பேச ஆரம்பிச்சேன். யாரும் இல்லன்னுதான் பேசினேன். எங்கம்மாவக் கூப்பிட்டு அழுதேன். அப்புறம்...” நிறுத்தினார். “அப்புறம் அவனத் திட்டினேன். பயந்தாங்கொள்ளி, சொன்ன உடனே ஓடிட்டான், ஒரு நிமிஷம் எனக்காக நிக்கலன்னு. செத்து ஒழியட்டும்னு சொன்னேன். இந்த வாயால சொன்னேன். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கற மைக் மட்டும் ஆன்ல இருக்கு. அவன் காதுல ஹெட்ஃபோன் இருக்கு.”

“எல்லாத்தையும் கேட்டுட்டா இருந்தாரு?”

“எல்லாத்தையும்.”

கீழே தோட்டத்துப் பக்கம் ஆள் நடமாட்டம் கேட்டது. சின்னனின் இருமல். மயானத்திலிருந்து திரும்பி வருகிறார்கள்.

“அப்புறம்?” வேலம்மாள் அவசரமாகக் கேட்டாள்.

“நான் தப்பான திசையில போயிட்டிருந்தேன். எனக்குத் தெரியல. அப்படியே போயிருந்தா பெட்ரோல் தீர்ந்து மறுபடி அவங்க பக்கமே விழுந்திருப்பேன். திடீர்னு காதுல அவன் குரல். ‘ரைட், செவன் டிகிரீஸ்.’ வலது பக்கம் ஏழு டிகிரி. அவ்வளவுதான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது? ஏழு டிகிரி திருப்பினேன். இன்னும் பன்னெண்டு நிமிஷம் பறந்தோம். அவனும் பேசல, நானும் பேசல. இறங்கினதும் பக்கத்துல வந்து நின்னான். நூல்ல பென்சில் எல்லாம் தொங்கிட்டிருந்தது. நான் அவன் மூஞ்சியப் பார்க்கல பாபி. மெடல் வாங்கின அன்னிக்கும் பார்க்கல. பார்த்துக்கலாம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு...” அவர் கை கூடத்தின் பக்கம் நீண்டு, பாதியில் கீழே இறங்கிவிட்டது.

வாசலுக்கு வெளியே தண்ணீர் ஊற்றிக் கால் கழுவுகிற சத்தம். “அண்ணி, வெளக்க நல்லாத் தூண்டி விடுங்க, நாங்க உள்ள வர்றோம்,” என்று மாரிசாமி குரல் கொடுத்தார். கதவு வழியாகக் குளிர்காற்றும், ஈர விறகின் புகைநாற்றமும் முதலில் உள்ளே வந்தன.

வேலம்மாள் இரண்டு கையையும் குவித்துச் சுடரைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு, பொன்னப்பாவின் பக்கம் குனிந்தாள். அவர்கள் உள்ளே வருவதற்குள் கேட்டுவிட வேண்டும். கண்ணில் நீர் இல்லை. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, மாப்பிள்ளை எப்படி என்று அக்காவைப் பிடித்து உலுக்கியவளின் அதே பரபரப்பு.

“வெரசாச் சொல்லுங்க. அந்த ஏழு டிகிரிய அவரு எப்புடிச் சொன்னாருங்க? கோவமாவா, இல்ல எப்பவும் சொல்றாப்பலயேவா? நீங்க என்னங்க நெனைக்கறீங்க?”